பணியிடத் துன்புறுத்தல் தடுப்புக் கொள்கை: இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

பணியிடத் துன்புறுத்தல் தடுப்புக் கொள்கை என்பது, ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவரை மேலதிகாரியோ உடன் வேலை செய்பவரோ இழிவுபடுத்துவதையும் அச்சுறுத்துவதையும் ஒதுக்கிவைப்பதையும் தடுப்பதற்கும், அவ்வாறு நேரும்போது புகாரைப் பெற்று விசாரித்துத் தீர்வு காண்பதற்கும் அந்த நிறுவனம் எழுத்தில் ஏற்றுக்கொள்ளும் விதிகளின் தொகுப்பாகும். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் நூற்பாலை, விசைத்தறி, கைத்தறி, தையல், இனிப்புத் தயாரிப்பு, கல்வி நிறுவனம், நீதிமன்றம் எனப் பலவகைப் பணியிடங்கள் நெருங்கி அமைந்த வட்டாரமாதலால், பெருநகர அலுவலகங்களை மனத்தில் கொண்டு எழுதப்படும் கொள்கைகள் சிறுநகரத் தொழில்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை ஆராய ஏற்ற களமாக விளங்குகிறது. புகார் கொடுத்த தொழிலாளி மறுநாள் அதே ஷிப்டுக்கு, அதே இயந்திரத்துக்கு, அதே கூலிக்கு அச்சமின்றித் திரும்ப முடிகிறதா என்பதே இத்தகைய கொள்கையின் தகுதியை அளக்கும் முதன்மையான அளவுகோலாகும்.

வட்டாரத்தின் பணியிடங்கள்

பி.ஏ.சி. ராமசாமி ராஜா (1894–1962) 1936இல் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பின், இவ்வூர் தென் தமிழகத்தின் முக்கியமான நூற்பு மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. அருகிலுள்ள சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் ஆகிய ஊர்களில் மருத்துவத்துக்குரிய பேண்டேஜ் துணி விசைத்தறிகளில் நெய்யப்படுகிறது. தளவாய்புரத்தில் நைட்டி முதலான பெண்கள் ஆடைகள் தைக்கப்படுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறி நெசவும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாத் தயாரிப்பும், ஆண்டாள் கோயிலை ஒட்டிய வணிகமும் பலருக்கு வேலை தருகின்றன. 1985இல் உருவான மாவட்டத்தின் தலைநகர் விருதுநகர் என்றபோதிலும், முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குவது இக்கட்டுரையின் பொருளுக்கு முக்கியமான செய்தியாகும்.

நூற்பாலையில் அதிகாரம் படிப்படியாக இறங்குகிறது. ஸ்பின்னிங் மாஸ்டருக்குக் கீழே ஷிப்ட் சூப்பர்வைசர், அவருக்குக் கீழே மேஸ்திரி, கடைசியில் ரிங் பிரேம்களின் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் சைடரும், நூல் நிறைந்த குழல்களைக் கழற்றி வெற்றுக்குழல் மாட்டும் டாஃபரும் நிற்கின்றனர். யாருக்கு எந்த இயந்திரம், யாருக்கு வார விடுப்பு எந்த நாள், யாருக்கு ஓவர்டைம், யாருக்கு கேட் பாஸ் என்பவை பெரும்பாலும் சூப்பர்வைசர், மேஸ்திரி ஆகியோரின் சொல்லால் முடிவாகின்றன. முதலாளியின் பெயரைக்கூட அறியாத தொழிலாளிக்கு மேஸ்திரியே நிர்வாகம். ஆகவே துன்புறுத்தலும் அதைத் தடுக்கும் முயற்சியும் உண்மையில் நிகழும் இடம் நிர்வாக அலுவலகத்தைக் காட்டிலும் இயந்திர வரிசைகளுக்கு நடுவேயுள்ள நடைபாதையே ஆகும்.

விசைத்தறிக் கூடத்தின் நிலை வேறு. அங்கே நான்கைந்து பேர் மட்டுமே வேலை செய்யலாம். உரிமையாளரே மேற்பார்வையாளராகவும் கணக்கராகவும் இருக்கலாம். தொழிலாளி அவரிடம் முன்பணம் வாங்கியிருக்கலாம். இருவரும் ஒரே தெருவினராகவோ உறவினராகவோ இருக்கவும் கூடும். இத்தகைய இடத்தில் மனிதவளத் துறை, புகார்ப் பெட்டி, மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை எதிர்பார்த்து எழுதிய கொள்கை தொடக்கத்திலேயே செயலற்றுப் போகிறது.

துன்புறுத்தலின் இயல்பு

ஆய்வாளர்கள் பணியிடத் துன்புறுத்தலுக்கு மூன்று கூறுகளைச் சொல்வது வழக்கம்: செயல் திரும்பத் திரும்ப நிகழ்தல், செய்பவருக்கும் பாதிக்கப்படுபவருக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு இருத்தல், உடலுக்கோ மனத்துக்கோ வாழ்வாதாரத்துக்கோ தீங்கு விளைதல். 1980களில் சுவீடனில் இத்துறையைத் தொடங்கிவைத்த உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், 45 வகைச் செயல்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஏதேனும் ஒன்று வாரம் ஒருமுறையாவது ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நிகழ்ந்தால் அதைத் துன்புறுத்தல் எனக் கணித்தார். ஆய்வுக்குப் பொருத்தமான இந்தக் கால வரம்பை ஒரு நிறுவனம் தன் விதியாக்குவது தவறு. ஆறு மாதம் பொறுத்தபின் புகார் செய்யலாம் என்று சொல்லும் கொள்கை, பாதிக்கப்பட்டவர் வேலையை விட்டுச் சென்ற பின்பே கண் திறக்கும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019 ஜூன் 21 அன்று ஏற்ற 190ஆம் உடன்படிக்கை, ஒரே ஒருமுறை நிகழ்ந்தாலும் தீங்கு விளைவிக்கக்கூடிய செயலையும் அச்சுறுத்தலையும் வன்முறை மற்றும் துன்புறுத்தல் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்திருப்பது இவ்வகையில் சிறந்த முன்மாதிரியாகும்.

வட்டாரத்தின் பணியிடங்களில் துன்புறுத்தல் எடுக்கும் வடிவங்களை அவற்றுக்குரிய சொற்களிலேயே கொள்கை பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். வயதில் மூத்தவரையும் ஒருமையில் விளித்தல், குடும்பப் பெண்களை இழுத்துத் திட்டுதல், சாதியைச் சுட்டிக் கேலி செய்தல், பழுதான இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு உற்பத்தி குறைந்ததென்று எல்லார் முன்னும் நிற்கவைத்தல், கழிப்பறைக்குச் சென்ற நேரத்தைக் கணக்கிட்டு ஏசுதல், காரணமின்றி வேலை கொடுக்காமல் உட்காரவைத்தல், இரவு ஷிப்டையே திரும்பத் திரும்பப் போடுதல், அடிக்கடி மெமோ கொடுத்தல், விடுதியில் தங்கியிருக்கும் பெண்ணுக்குத் தொலைபேசியில் பெற்றோரோடு பேச அனுமதி மறுத்தல், வெளிமாநிலத் தொழிலாளியின் மொழியைப் பழித்தல் என்பன பொதுவான வடிவங்கள். ‘கண்ணியமற்ற நடத்தை’ என்ற பொதுச்சொல்லை மட்டும் எழுதிவிட்டால், ஏசுவதையே வேலை வாங்கும் முறையாகக் கற்றுவந்த மேற்பார்வையாளர் அது தம்மைக் குறிக்கவில்லை என்றே நினைப்பார்.

எது துன்புறுத்தல் ஆகாது என்பதையும் அதே தெளிவுடன் எழுத வேண்டும். நூல் அறுபடுவதைக் கவனிக்காத சைடரைத் திருத்துவதும், எல்லாருக்கும் பொதுவான உற்பத்தி இலக்கைக் கேட்பதும், விசாரணை நடத்தித் தண்டனை அளிப்பதும் மேற்பார்வையின் நியாயமான பகுதிகளாகும். குறை சொல்லும் உரிமை மேற்பார்வையாளருக்கு உண்டு. அதை அவமானமாக மாற்றும் உரிமை எவருக்கும் கிடையாது. இந்த எல்லையைக் கொள்கை வரைந்து காட்டாவிட்டால், மேற்பார்வையாளர்கள் அதைத் தங்களுக்கு எதிரான ஆயுதமாகக் கண்டு தொடக்கத்திலேயே எதிர்க்கத் தொடங்குவர்.

வரலாற்றுப் பின்புலம்

தமிழகத் தொழிலாளர் இயக்கத்தின் தோற்றமே பணியிட அவமதிப்போடு பிணைந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் முன்வைத்த குறைகளுள் அதிகாரிகளின் முரட்டு நடத்தையும், உணவு உண்ணப் போதிய நேரம் தராமையும் முக்கியமானவை. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களுள் ஒன்று கூலி உயர்வைப் போலவே மரியாதையையும் கேட்டுப் பிறந்தது என்பது, இன்று ‘துன்புறுத்தல் தடுப்பு’ என்பதை வெளிநாட்டிலிருந்து வந்த புதுமையாகக் கருதுவோர் நினைவில் கொள்ளத்தக்கது.

1931இல் அறிக்கை அளித்த இந்தியத் தொழிலாளர் அரச ஆணையம், ஆள் சேர்ப்பு முதல் வேலைநீக்கம் வரை ஜாபர் எனப்படும் மேஸ்திரியின் கையில் குவிந்திருந்த அதிகாரத்தையும் அதனால் பெருகிய கையூட்டையும் கண்டித்து, ஆள் சேர்ப்பைத் தொழிலாளர் நல அதிகாரிகளிடம் மாற்றப் பரிந்துரைத்தது. பிற்காலத்தில் சட்டங்கள் பல வந்தும், அன்றாட வேலைப் பங்கீட்டில் மேஸ்திரியின் பிடி முழுமையாகத் தளரவில்லை.

2000களில் தமிழக நூற்பாலைகளில் பரவிய, சுமங்கலித் திட்டம் என்று அறியப்பட்ட முறை, இளம் பெண்களை விடுதியில் தங்கவைத்து, பெரும்பாலும் மூன்றாண்டு வேலைக்குப் பின் மொத்தத் தொகை ஒன்றைத் தருவதாக வாக்களித்தது. இடையில் விலகினால் தொகை கிடைக்காது என்ற அச்சமே அப்பெண்களின் வாயை அடைத்தது. ஊதியத்தின் ஒரு பகுதியைப் பிணையாகப் பிடித்துவைக்கும் எந்த ஏற்பாட்டிலும் எவ்வளவு நல்ல புகார் முறையும் உயிர்பெறாது என்பதற்கு இதுவே போதிய சான்று. விடுதிகளைப் பொறுத்தவரை, தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 2014இல் இயற்றப்பட்டது.

உலக அளவில், பணியிடத்தில் ஒருவரைப் பலிகடாவாக்குவதற்கு எதிரான விதிகளைச் சுவீடன் 1993இல் வெளியிட்டது. பிரான்சு 2002இல் உளவியல் துன்புறுத்தலைக் குற்றமாக்கியது. ஆஸ்திரேலியாவில் 2014 சனவரி முதல் பாதிக்கப்பட்ட தொழிலாளி நேரடியாகத் தீர்ப்பாயத்திடம் தடை ஆணை கோரும் வழி திறந்தது. ஜப்பானில் அதிகாரத் துன்புறுத்தலைத் தடுக்கும் கடமை 2020 ஜூனில் பெருநிறுவனங்களுக்கு வந்தது.

சட்டநிலை

இந்தியாவில் பணியிடத் துன்புறுத்தல் முழுவதையும் தழுவிய தனிச்சட்டம் இல்லை. பாதுகாப்பு பல சட்டங்களில் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. நிறுவனக் கொள்கை இத்துண்டுகளை இணைக்கவும் இடைவெளிகளை நிரப்பவும் வேண்டியிருக்கிறது.

இவற்றுள் மிகவும் விரிவானது, உச்ச நீதிமன்றத்தின் 1997 ஆகஸ்ட் 13இன் விசாகா தீர்ப்பைத் தொடர்ந்து உருவான, பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்பு, தடை மற்றும் தீர்வுச் சட்டம், 2013. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும்; மூத்த நிலையிலுள்ள பெண் பணியாளர் அதன் தலைவராகவும், உறுப்பினருள் பாதிப்பேருக்குக் குறையாமல் பெண்களாகவும், ஒருவர் தொண்டு நிறுவனம் முதலிய வெளியமைப்பைச் சேர்ந்தவராகவும் இருக்க வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். தக்க காரணமிருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடித்து, 10 நாளில் அறிக்கை அளிக்க, நிறுவனம் 60 நாளில் செயல்பட வேண்டும். குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நிறுவனம் ஏற்பாடு செய்யும் போக்குவரத்தையும் இச்சட்டம் பணியிடமாகக் கொள்வதால், சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் ஆலை வேன்களும் இதற்குள் அடங்கும். இதன் எல்லையும் குறிப்பிடத்தக்கது: பாலியல் தன்மையற்ற ஏச்சும் மிரட்டலும், ஆண் தொழிலாளி படும் துன்பமும் இதில் அடங்கா.

சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது, 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் மற்றும் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் குற்றம். ஆயினும் அது பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. வெளியார் எவருமின்றி நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்த அவமதிப்பு இந்நிபந்தனையை நிறைவு செய்யாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. மூடிய அறைக்குள் சூப்பர்வைசர் சொல்லும் சாதிச் சொல் குற்றவியல் சட்டத்திலிருந்து தப்பக்கூடும் என்பதனாலேயே, இடம் எதுவாயினும் சாதி இழிவுரை ஒழுங்கு நடவடிக்கைக்குரிய தவறு என்று நிறுவனக் கொள்கை வெளிப்படையாகக் கூறவேண்டிய தேவை எழுகிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020, இருபது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களில் நிர்வாகத்தினரும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமர்ந்த குறைதீர்க்கும் குழுவை வேண்டுகிறது. பெண் தொழிலாளரின் விகிதத்துக்குக் குறையாமல் பெண்களுக்கு அதில் இடம் தரப்பட வேண்டும். மனுவை 30 நாளில் தீர்க்க வேண்டும். பாலியல் சாராத துன்புறுத்தலுக்கு, உள்ளகக் குழுவுக்கு அடுத்தபடியாக, ஆலைக்குள் சட்டப்படி இருக்கும் கதவு இதுவேயாகும். பழிவாங்கும் நோக்கில் வேலைநீக்கம் செய்வதும், நிர்வாகத் தேவை என்ற பெயரில் தீய எண்ணத்துடன் இடமாற்றுவதும் முறையற்ற தொழில் நடவடிக்கைகள் என 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1982இல் செய்யப்பட்ட திருத்தம் முதல் வகுக்கப்பட்டு வந்துள்ளன.

கொள்கையை வடிவமைத்தல்

கொள்கையை எழுதும் மேசையில் யார் அமர்கின்றனர் என்பதிலேயே அதன் எதிர்காலம் தொடங்குகிறது. வழக்கறிஞரும் மேலாளரும் மட்டும் எழுதும் வாசகம் நிறுவனத்தை வழக்கிலிருந்து காப்பதை நோக்கமாகக் கொண்டுவிடும். சைடர், டாஃபர், துப்புரவுப் பணியாளர், விடுதியில் தங்கும் பெண், ஒப்பந்தத் தொழிலாளி, தொழிற்சங்கப் பொறுப்பாளர் ஆகியோருடனும் மேஸ்திரிகளுடனும் தனித்தனியே கலந்துபேசி, எந்த நேரத்தில், எந்த இடத்தில், எத்தகைய செயல் நிகழ்கிறது என்பதைக் கேட்டறிந்த பின்பே வரைவு தொடங்க வேண்டும். ஷிப்ட் மாறும் நேரமும், டாஃபிங் தாமதமாகும் நேரமும், மின்தடைக்குப் பின் இயந்திரங்களை மீண்டும் ஓட்டும் நேரமும் ஏச்சு மிகும் தருணங்கள் என்று தெரியவந்தால், பாதித் தீர்வு ஆள் எண்ணிக்கையையும் இலக்கையும் திருத்துவதில் இருப்பது புலப்படும். அடைய முடியாத இலக்கைச் சூப்பர்வைசரின் தலையில் சுமத்திவிட்டு, அவர் தொழிலாளியிடம் இனிமையாகப் பேச வேண்டும் என்று எழுதுவது நேர்மையான கொள்கை ஆகாது.

யாருக்கெல்லாம் கொள்கை பொருந்தும் என்பதில் தாராளம் வேண்டும். நிரந்தரத் தொழிலாளருடன் பதிலி, பயிற்சியாளர், ஒப்பந்தத் தொழிலாளி, காவலாளி, சமையலர், சரக்கு இறக்கவரும் சுமைத் தொழிலாளி ஆகியோரையும், இடங்களுள் விடுதி, உணவகம், வேன், நிறுவனத்தின் வாட்ஸ்ஆப் குழு ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். 190ஆம் உடன்படிக்கையும் பயிற்சியாளரையும் வேலை தேடுவோரையும், நிறுவனம் தரும் தங்குமிடத்தையும் வேலைக்கான பயணத்தையும் இவ்வாறே உள்ளடக்குகிறது. 2021 ஜூன் 25 முதல் செயல்பாட்டில் உள்ள அவ்வுடன்படிக்கையை 2024 முடியும் வரை இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை எனினும், தனி நிறுவனம் அதன் வரையறையை எடுத்தாளத் தடையேதும் இல்லை.

வேலையின் நிலையாமையே துன்புறுத்துபவரின் பெரிய ஆயுதம் என்பதும் கவனத்துக்குரியது. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி அளிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1981 முதல் உள்ளது. அந்நாள் கணக்கு நிறைவதற்குமுன் வேலையை முறித்துவிடும் அதிகாரம் தனியொரு மேற்பார்வையாளரின் பரிந்துரையில் இருக்குமானால், நானூறாவது நாளில் நிற்கும் தொழிலாளி எதையும் புகாராகச் சொல்லமாட்டார். ஆகவே பதிலி, தற்காலிகத் தொழிலாளரை நிறுத்துவதற்கான முடிவில் இரண்டாவது அதிகாரி ஒருவரின் எழுத்துமூல ஒப்புதலை வேண்டுவது, துன்புறுத்தல் தடுப்புக் கொள்கையின் உறுப்பாகவே அமைய வேண்டும்.

புகார் செல்லும் பாதையைப் பொறுத்தவரை ஓர் அடிப்படை விதி உண்டு: அப்பாதை எந்த இடத்திலும் குற்றம் சாட்டப்பட்டவரின் கையைக் கடந்து செல்லக்கூடாது. டைம் ஆபீஸ் வாசலில், கண்காணிப்புக் கேமராவின் கீழே தொங்கும் புகார்ப் பெட்டி பல ஆண்டு திறக்கப்படாமல் இருப்பதில் வியப்பில்லை. வாய்மொழியாகச் சொல்லலாம், வேறொருவர் எழுதித் தரலாம், உடன் வேலை செய்பவரோ குடும்பத்தினரோ சொல்லலாம், பெயர் குறிப்பிடாத புகாரும் முதல்நிலை ஆய்வுக்கு எடுக்கப்படும் என்று பல வழிகள் திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும், ஒவ்வொரு பிரிவிலும், தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த ஒருவர் புகாரைக் கேட்கும் பொறுப்பில் இருப்பது பெட்டியைவிடப் பயன் தரும். வெளிமாநிலத் தொழிலாளர் உள்ள ஆலைகளில் இந்தி, ஒடியா முதலிய மொழிகளிலும் இதற்கு ஏற்பாடு வேண்டும்.

ரகசியம் காப்பது சிறுநகரத்தில் தனிச்சிக்கலாகும். இராஜபாளையத்தில் விசாரிக்கப்படும் செய்தி மாலைக்குள் புகார்தாரரின் கிராமத்தை எட்டிவிடும். குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர் ஊர்ப்பெரியவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து ‘சமாதானம்’ பேசுவர். இந்த வருகையைக் குடும்பத்தின் தனிப்பட்ட விஷயமாக நிறுவனம் தள்ளிவிடக் கூடாது. விசாரணைக் காலத்தில் புகார்தாரரின் வீட்டையோ உறவினரையோ அணுகி அழுத்தம் தருவது தனிக்குற்றமாகக் கொள்கையில் எழுதப்பட வேண்டும். உள்ளகக் குழுவின் வெளி உறுப்பினரை வேறு ஊரிலிருந்து தேர்வதும் இவ்வட்டாரத்துக்கு ஏற்ற எளிய காப்பாகும்.

விசாரணையில் இருதரப்புக்கும் நியாயம் வேண்டும். புகாரின் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தரப்படுவதும், அவர் விளக்கமளிக்கவும் சாட்சிகளை முன்வைக்கவும் வாய்ப்புப் பெறுவதும் இயற்கை நீதியின் தேவைகள். இவை தவறினால் சரியான தண்டனையும் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிலைக்காது. அதுபோல, நிலையாணைகள் எனப்படும் பணிவிதிகளில் துன்புறுத்தல் தவறான நடத்தையாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பணிவிதியில் இடம்பெறாத கொள்கை அறிவுரையாகவே நின்றுவிடும். இடைக்கால நடவடிக்கையாக இருவரையும் பிரிக்க நேரும்போது, 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதிக்கப்பட்ட பெண்ணின் எழுத்துமூல வேண்டுகோளின்பேரில் இருவரில் எவரையும் இடமாற்ற இடமளிக்கிறது. நடைமுறையில் புகார்தாரரே வேறு ஷிப்டுக்கு அனுப்பப்படுவது வழக்கமாகிவிட்டதால், அவர் தாமே கேட்டாலன்றி மற்றவரையே மாற்ற வேண்டும் என்று கொள்கை தெளிவாக எழுத வேண்டும்.

பழிவாங்கல் என்பது பெரும்பாலும் வேலைநீக்கமாக வருவதில்லை. ஓவர்டைம் நின்றுபோகும், பழைய இயந்திரம் தரப்படும், விடுப்பு மறுக்கப்படும், உடன் வேலை செய்வோர் பேச்சை நிறுத்திக்கொள்வர். இவற்றைக் கண்டறிய, புகாருக்கு முந்தைய மூன்று மாதத்தின் ஷிப்ட் அட்டவணை, இயந்திர ஒதுக்கீடு, ஓவர்டைம், ஊதியச் சீட்டு ஆகியவற்றைப் பிந்தைய மூன்று மாதத்துடன் ஒப்பிட்டாலே போதும். இதற்குரிய பதிவுகள் ஒவ்வொரு ஆலையின் டைம் ஆபீசிலும் ஏற்கெனவே உள்ளன. புகாருக்குப் பின் நேரும் எந்தக் குறைவுக்கும் காரணம் காட்டும் பொறுப்பை நிர்வாகத்தின்மீது வைக்கும் கொள்கையே வலுவுள்ளது.

தண்டனையிலும் தரவேறுபாடு தேவை. ஏச்சைப் பழக்கமாகக் கொண்ட மேஸ்திரிக்கு முதலில் எச்சரிக்கையும் பயிற்சியும் பொருந்தலாம். சாதி இழிவுரை, உடல்மீது கைவைத்தல், பழிவாங்கல் ஆகியவற்றுக்கு அத்தகைய தொடக்கநிலைச் சலுகை பொருந்தாது. உற்பத்தியில் திறமையான சூப்பர்வைசர் என்பதற்காக ஒருவரைத் தப்பவிட்ட செய்தி, சுவரில் ஒட்டிய கொள்கை அறிவிப்பைக் காட்டிலும் வேகமாகப் பரவும்.

திண்டுக்கல் ஒப்பந்தம்

இத்துறையில் தமிழகம் உலகுக்கு அளித்துள்ள முன்மாதிரி, மதுரைக்கு வடக்கேயுள்ள திண்டுக்கல் மாவட்டத்தில் உருவானது. நாச்சி அப்பேரல் என்னும் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த 20 வயதுத் தலித் பெண் ஒருவர் 2021 சனவரியில் கொல்லப்பட்டு, அவருடைய மேற்பார்வையாளர்மீது வழக்குத் தொடரப்பட்டதையடுத்து, பெண்களால் வழிநடத்தப்படும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசிய அடிப்படை ஊதியக் கூட்டணி, அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்று ஆகியவை நீண்ட போராட்டத்தை நடத்தின. அதன் விளைவாக 2022இல் தொழிற்சாலையின் உரிமை நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்சுடனும், எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய ஆடை நிறுவனங்களுடனும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

திண்டுக்கல் ஒப்பந்தம் எனப்படும் இவ்வேற்பாட்டின் தனித்தன்மை அதன் செயல்முறையில் இருக்கிறது. பாலினத்தோடு சாதியையும் இடப்பெயர்வையும் காரணமாகக் கொண்ட இழிவுகளும் வரையறைக்குள் வந்தன. சுமார் 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளர்கள் சங்கத்தால் பயிற்றுவிக்கப்பட்டு ஒவ்வொரு வரிசையிலும் நின்றனர். நிர்வாகத்தைச் சாராத மதிப்பீட்டாளர்களிடம் முறையிடவும் அவர்கள் தீர்வு ஆணையிடவும் வழி செய்யப்பட்டது. ஆலை உடன்பாட்டை மீறினால் கொள்முதல் நிறுவனங்கள் வணிக அழுத்தம் தரக் கடமைப்பட்டன. ஓர் உயிரின் இழப்புக்குப் பின்பே இத்தகைய ஏற்பாடு வர நேர்ந்தது வேதனைக்குரியது. அடுத்த மாவட்டங்களின் ஆலைகள் அந்த விலையைக் கொடுக்காமலே இதைப் பின்பற்ற முடியும். ஏற்றுமதி செய்யாமல் உள்நாட்டுச் சந்தைக்கே நூல் விற்கும் ஆலைகளில் வெளிநாட்டுக் கொள்முதல் நிறுவனத்தின் அழுத்தம் இருக்காது. அங்கே அவ்விடத்தைத் தொழிற்சங்கமும் தொழிலாளர் துறையுமே நிரப்ப இயலும்.

சிறு கூடங்கள்

பத்துப் பேருக்குக் குறைந்த விசைத்தறிக் கூடங்களும் தையலகங்களும் பால்கோவாக் கடைகளும் தனித்தனியே குழு அமைக்க இயலாது. இவற்றுக்கு உரிமையாளர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் தொழில்வாரியாகப் பொதுக் கொள்கை ஒன்றை ஏற்று, தொழிலாளர் பிரதிநிதியும் வெளி உறுப்பினரும் அடங்கிய பொதுக் குழுவை அமைப்பதே நடைமுறைக்கு ஏற்றது. கொள்கையும் ஒரே பக்கத்தில், பேச்சுத் தமிழுக்கு நெருக்கமான நடையில் அமைவது நல்லது. முன்பணம் பாக்கியிருப்பது புகார் செய்வதற்கோ வேலையை விட்டுச் செல்வதற்கோ தடையாகாது என்ற ஒரு வரி மட்டுமாவது அதில் தவறாமல் இடம்பெற வேண்டும்.

பயனை அளத்தல்

ஆண்டறிக்கையில் ‘புகார் எதுவும் இல்லை’ என்று எழுதப்படுவதைப் பல நிறுவனங்கள் பெருமையாகக் கொள்கின்றன. சில நூறு பேர் இரவும் பகலும் வேலை செய்யும் ஆலையில் பல ஆண்டுகளாக ஒரு புகாரும் வராதது, வழி அடைபட்டிருப்பதன் அறிகுறியாகவே பெரும்பாலும் இருக்கும். கொள்கை வந்த முதல் ஆண்டில் புகார்கள் கூடுவது நம்பிக்கை பிறந்திருப்பதைக் காட்டும். ஒரு குறிப்பிட்ட மேற்பார்வையாளரின் ஷிப்டில் மட்டும் ஆட்கள் அடிக்கடி நின்றுவிடுதல், விடுப்பு மிகுதல், ஷிப்ட் மாற்றக் கோரிக்கைகள் குவிதல் ஆகியவை புகார்களைவிட முன்னதாகவே உண்மையைச் சொல்லும். வேலையை விட்டுச் செல்பவரிடம், அவருக்குரிய பணம் முழுவதையும் கொடுத்த பின், வெளியார் ஒருவர் காரணம் கேட்டுப் பதிவு செய்வதும் பயனுள்ள முறையாகும்.

வெளி வழிகள்

நிறுவனத்துக்குள் தீர்வு கிட்டாதபோது செல்லத்தக்க இடங்களைக் கொள்கை தானே அறிவிக்க வேண்டும். அவற்றை மறைக்கும் கொள்கை தொழிலாளியை அடைத்துவைக்கிறது. பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களில் வேலை செய்யும் பெண்களும், உரிமையாளர் மீதே புகார் உடைய பெண்களும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். அவர்கள் விருதுநகர் வரை செல்ல வேண்டிய தேவையின்றி, நகராட்சி, வட்டார அளவில் தொடர்பு அலுவலர் நியமிக்கப்பட்டு, பெற்ற புகாரை ஏழு நாளில் அக்குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. பெண்களுக்கான 181 என்ற உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது. முறையற்ற வேலைநீக்கம், இடமாற்றம் ஆகியவற்றுக்குத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடமும், மிரட்டல், தாக்குதல், சாதி இழிவுரை ஆகியவற்றுக்குக் காவல்துறையிடமும் முறையிடலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் மாற்றுத்திறனாளிகளும் தொழிற்சாலைத் தொழிலாளரும் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச வழக்கறிஞர் உதவி பெறும் உரிமை உடையவர்கள். அதற்குரிய மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ளது. 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் இவ்வுதவியைக் கோரலாம்.